வெடித்த குக்கரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தபோது விசிலே வராமல் குக்கர் மூடி பறந்தது. அம்மாவின் இடது கையெல்லாம் கொப்புளம். அடுப்புக் கண்ணாடி சுக்கல். வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

குக்கர் வாங்கிய கடை கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில். கடைக்காரர், "விக்கறதோட எங்க வேலை முடிஞ்சுது, கம்பெனியக் கேளுங்க" என்றார். கம்பெனி ஆளோ போனில் தேனாகப் பேசினார்: "பழசைக் குடுத்துருங்க சார், புதுசு தர்றோம்." கொடுத்துவிடாதீர்கள்! அந்தக் குக்கர்தான் சாட்சி. மூடி, கேஸ்கட், சேஃப்டி வால்வு எல்லாவற்றையும் பருப்புக் கறையோடு பையில் கட்டிப் பரணில் போட்டேன். எடைக்குப் போடச் சொல்லி அம்மா திட்டியது தனிக்கதை.

கடை இருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாமாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

அடுத்த அடி, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஓ.பி. சீட்டு. "தீக்காயம்" என்று மட்டும் இருந்தது, எதனால் என்று இல்லை. முதல் நாளே சொல்லி எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதற்காக இரண்டு முறை அலைந்தேன்.

கம்பெனியின் அஜாக்கிரதை பற்றி மனுவில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வக்கீல் மேடம் மொத்தத்தையும் அடித்துவிட்டார். தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ கோளாறு, நிர்ணயித்த அளவிலிருந்து விலகல், தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய எச்சரிக்கை இல்லாமை, இதில் ஒன்றைக் காட்டினாலே அந்தச் சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பைச் சொல்லும் பிரிவு 84 போதும். கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. "ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே மேடம்" என்றேன். "முத்திரை இருந்தா வெடிக்காதா?" என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார்: குக்கர் மட்டும் பாழானால் இந்தப் பிரிவு உதவாது, அது சாதாரணக் குறைபாட்டுப் புகார்தான். அம்மாவின் கையும் அடுப்பும்தான் இங்கே கணக்கு.

கம்பெனிக்குப் போன நோட்டீஸுக்கு வந்த பதில்: "டூப்ளிகேட் கேஸ்கட் போட்டிருக்கிறீர்கள்." பொருளை மாற்றியதாகவோ தவறாகப் பயன்படுத்தியதாகவோ காட்டிவிட்டால் அவர்கள் தப்பிக்க வழி இருக்கிறது. பரணிலிருந்து இறக்கினேன். கம்பெனி பெயர் பொறித்த அதே கேஸ்கட்! போட்டோவைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவானதும் சமரசத்துக்கு வந்தார்கள். வைத்தியச் செலவு, அடுப்பு, குக்கர் விலை, அம்மா பட்ட வேதனைக்கு ஒரு தொகை, எல்லாம் கொடுத்தார்கள். ஆய்வகக் கட்டணத்தை நான்தான் முன்பணமாகக் கட்டியிருந்தேன். அதைச் சமரசத்தில் எழுதி வாங்க மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.