வேற நாட்டுலேர்ந்து பெரிய குழந்தையை தத்தெடுக்கறது

வெளிநாட்டுலேர்ந்து கைக்குழந்தைதான் வேணும்னு காத்திருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அந்த வழி இப்ப ரொம்ப சுருங்கிடுச்சு. நாடு விட்டு நாடு தத்தெடுக்கறதுக்கான 1993 ஹேக் சர்வதேச ஒப்பந்தப்படி முதல்ல குழந்தையோட சொந்த நாட்டுலயே குடும்பம் கிடைக்குதான்னு பாக்கணும், அப்புறந்தான் வெளிநாடு, அதனால காத்திருக்கறது பெரும்பாலும் கொஞ்சம் வளந்த பசங்க, அண்ணன் தங்கச்சின்னு சேர்ந்தே போக வேண்டியவங்க, இல்ல ஏதாவது மருத்துவ தேவை இருக்கறவங்க. எத்தியோப்பியா 2018லயும் சீனா 2024லயும் கதவை மூடியாச்சு (சீனாவுல நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் விலக்கு).

மெடிக்கல் ஃபைலை பாத்து நீங்களே முடிவு பண்ணாம குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க. பிளவு உதடு ஆபரேஷன்ல சரி பண்ணலாம், வயித்துல இருக்கும்போது அம்மா குடிச்சதால வர்ற மூளை பாதிப்பு ஆயுசுக்கும் கூடவே வரும், ரெண்டுமே ஸ்பெஷல் நீட்ஸ் (தனி கவனிப்பு தேவைப்படற குழந்தைங்க)ங்கற ஒரே தலைப்புலதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தப்புறம் சில குழந்தைங்க தட்டு நிறைய சோறு இருக்கும்போதே தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கும், சிலது யார் கூப்டாலும் சிரிச்சிட்டே மடியில போய் உக்காரும், பாக்கறவங்க எவ்ளோ சீக்கிரம் பழகிடுச்சும்பாங்க, ஆனா அது பாசம் இல்லீங்க, இன்னும் யாரையும் தன் ஆளுன்னு நினைக்கலன்னுதான் அர்த்தம். தாய்மொழியும் சில மாசத்துலயே நழுவ ஆரம்பிச்சிடும், அது தெரிஞ்ச ஒருத்தரை அப்பப்ப பேச வைங்க, பழைய ஞாபகமெல்லாம் அதுலதானே இருக்கு.

அப்புறம் ப்ளீஸ், பேரை மாத்தாதீங்க.

'பெரிய புண்ணியம் பண்ணிருக்கீங்க'ன்னு குழந்தை காதுபடவே சொல்ற சொந்தக்காரங்களை எப்படி சமாளிக்கறீங்கன்னு யாராவது சொல்லுங்களேன், எனக்கு இன்னும் பிடிபடல.