இன்னும் ஒரு 64 பைட்

பேருந்துகளில் பொருத்தும் வீடியோ ரெக்கார்டர் ஒன்றுக்கு லினக்ஸ் டிவைஸ் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுதும் வேலை எனக்கு வந்தது. மொத்த ரேம் 128 எம்பி. எல்லாச் சோதனையும் தாண்டி வண்டிகளில் ஏறிவிட்டது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துப் புகார்கள் வரத் தொடங்கின. திடீரென ரெக்கார்டிங் ஆரம்பிப்பதில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. டிப்போவில் வாரம் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் அணைத்துப் போடுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டார்கள். நான் எழுதிய பத்து வரிக்காக யாரோ ஒருவர் இரவில் வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறார் என்பது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

லேபில் ஒரு பெட்டியை வைத்து, ரெக்கார்டரைத் திறந்து மூடும் ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். பக்கத்திலேயே ஃபைல்களை நகலெடுத்து அழிக்கும் வேலையும் ஓடியது. ஒன்பதாம் நாள் காலையில், லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாக்கில் அந்த வரி இருந்தது: பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 7. கேட்ட மெமரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் ஃப்ரீ மெமரி 31 எம்பி காட்டியது. நான் கேட்பது 256 கேபி. கொடுக்க என்ன கஷ்டம்?

எங்கள் டீமின் மூத்த பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஃப்ரீன்னு பாக்காதீங்க. எப்படி ஃப்ரீயா இருக்குன்னு பாருங்க" என்றார். காலி மெமரி எந்தெந்த அளவுத் துண்டுகளாக இருக்கிறது என்று காட்டும் பட்டிஇன்ஃபோ (buddyinfo) ஃபைலைத் திறக்கச் சொன்னார். ஒரே ஒரு வரி. 2914, 1160, 402, 87, 9, 1, 3, அதன்பின் நான்கு பூஜ்யங்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது இலை காலியாக இருக்கிறது, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக. எட்டுப் பேர் கொண்ட குடும்பம் வரிசையாக உட்கார வேண்டும் என்றால் இடம் இல்லை. கெர்னல் மெமரியை 4 கேபி பேஜ்களாக வைத்திருக்கிறது. அவற்றை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பான கட்டுகளாகச் சேர்த்தும் பிரித்தும் கொடுக்கும். பெல் லேப்ஸின் கென்னத் நோல்டன் 1965இல் எழுதிவைத்த பட்டி (buddy, கூட்டாளி) முறை அது; இன்றும் லினக்ஸின் அடியில் ஓடுகிறது. அந்த வரியின் முதல் எண் ஒற்றைப் பேஜ்கள், அடுத்தது ஜோடிகள், அப்படியே 1024 பேஜ் கட்டு வரை போகும். இந்தப் படிகளுக்குத்தான் ஆர்டர் என்று பெயர்: ஒற்றை ஆர்டர் 0, ஜோடி ஆர்டர் 1, கடைசி ஆர்டர் 10. எங்களிடம் 2914 ஒற்றை இலைகள் காலியாக இருந்தன. நீளமான வரிசைதான் இல்லை.

கேமரா படத்தை வாங்கும் கேப்சர் சிப்புக்கோ வரிசைதான் வேண்டும். அது டிஎம்ஏ வழியாக நேரடியாக ரேமில் எழுதுகிறது. ஓர் ஆரம்ப முகவரியும் நீளமும் கொடுத்தால் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போகும். சிதறிய பேஜ்களின் பட்டியலைப் படிக்க அதற்குத் தெரியாது. அதனால் சிதறிய பேஜ்களைச் சேர்த்துக் கொடுக்கும் விமாலக் உதவாது. தொடர்ச்சியான இடம் தரும் கேமாலக்தான்.

சரி, 256 கேபி என்றால் 64 பேஜ், அதாவது ஆர்டர் 6. லாக்கில் ஏன் 7? இதற்கு அரை நாள் பிடித்தது. ஒவ்வொரு ஃப்ரேமின் தலையிலும் நேரம், வரிசை எண் எல்லாம் எழுத 64 பைட் தலைப்பு வைத்திருந்தேன். ஃப்ரேம், தலைப்பு இரண்டையும் சேர்த்து ஒரே கேமாலக். 262144க்குப் பதில் 262208. அந்த 64 பைட்டுக்காகக் கெர்னல் அடுத்த கட்டுக்குப் போய் 128 பேஜ், 512 கேபி தேடியது. ஆர்டர் 6இல் மூன்று கட்டுகள் கண்ணெதிரே இருந்தன, அவை எனக்குப் போதவில்லை. கிடைத்த நாட்களிலும் பாதி இடம் வீணாகக் கிடந்திருக்கிறது. ஃப்ரேம்களைப் பிடித்துவைக்க இப்படி வாங்கிய இடங்கள், அதாவது பஃபர்கள், நான்கு; ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட கால் எம்பி வீண்.

அதற்கு முன்பே ஒரு தவறான வழியில் போய்வந்திருந்தோம். மெமரி கேட்கும்போது ஜிஎஃப்பி அட்டாமிக் என்ற குறியைப் போட்டால் அவசர இருப்பில் இருந்தும் எடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, மாற்றிப் பார்த்தோம். இன்னும் சீக்கிரமாகவே தோற்றது. அட்டாமிக் என்றால் கெர்னல் காத்திருக்கக் கூடாது. காத்திருக்காமல் மற்றவர்களைத் தள்ளி உட்காரவைக்க முடியாது. வழக்கமான குறியான ஜிஎஃப்பி கெர்னல் என்றால் தள்ளிப் பார்க்கும். ஆனால் எட்டுப் பேஜ் வரைக்கும்தான் அது விடாப்பிடியாக முயலும். அதற்கு மேல் கேட்டால் ஓரளவு பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். தவிர, கெர்னல் தன் சொந்த வேலைக்கு எடுத்த பேஜ்கள் பெரும்பாலும் பாதிச் சாப்பாட்டில் இருப்பவர்கள் மாதிரி, எழுப்ப முடியாது.

அப்புறம் மூத்த பொறியாளர் கேட்டார்: "ஓபன் பண்ணும்போது பஃபரை வாங்குறீங்க, க்ளோஸ் பண்ணும்போது குடுத்துடுறீங்க. எதுக்கு குடுக்குறீங்க?"

பயன்படுத்தாததைத் திருப்பிக் கொடுப்பதுதான் நாகரிகம் என்று படித்தவன் நான். ஆனால் இந்தப் பெட்டிக்கு ரெக்கார்டிங் மட்டுமே வேலை. சன் நிறுவனத்தில் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக ஜெஃப் பான்விக் 1994இல் கொண்டுவந்த ஸ்லாப் முறையின் அடிப்படையே, மறுபடி தேவைப்படும் என்று தெரிந்ததை உடைத்துக் கொடுக்காமல் தயாராக வைத்துக்கொள்வதுதான். அன்றிரவு அதைப் படித்தபோது என் டிரைவர் ஞாபகமாகவே இருந்தது.

மாற்றம் சின்னதுதான். தலைப்பைத் தனியாக எடுத்தேன். 64 பைட்டுக்கென்றே ஸ்லாபில் அளவு இருக்கிறது. டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்து, பூட் ஆகி பந்தி காலியாக இருக்கும்போதே நான்கு பஃபரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர், 1 எம்பியை நிரந்தரமாகப் பிடித்துவைப்பது வீண் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு ரெக்கார்டிங் நடக்கும்போதெல்லாம் 2 எம்பி போய்க்கொண்டிருந்தது என்று கணக்கைக் காட்டினேன். பெரிய பஃபர்கள் தேவைப்பட்டிருந்தால் 2012இல் 3.5ஆம் பதிப்பில் சேர்ந்த சிஎம்ஏவுக்குப் போயிருப்பேன். அது ஒதுக்கிய இடத்தை, தேவைப்படும்வரை, எழுப்பக்கூடியவர்களுக்கு மட்டும் கொடுத்துவைக்கும். 1 எம்பிக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை.

லேபில் அதே ஸ்கிரிப்ட், அதே ஃபைல் நகல். தினமும் காலையில் பையைக்கூட இறக்கிவைக்காமல் பட்டிஇன்ஃபோவைப் பார்ப்பேன். வலது பக்க எண்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாகிக்கொண்டே வந்தன. 26ஆம் நாள் ஆர்டர் 5இலிருந்து கடைசி வரை எல்லாமே பூஜ்யம். ரெக்கார்டிங்கைத் தொடங்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.