பிரேக் லைனர் வாடை

தொப்பூர் கணவாயில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வாடை தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் லாரிகளில் சிலது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும். சரிவு முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் டிரம் காய்ந்து லைனர் தீயும். பின்னால் வரும் எங்கள் ஆம்புலன்ஸுக்குள்ளும் அந்த வாடை ஏறிவிடும்.

நான் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். எங்கள் வேலையில் ஓட்டுநரை பைலட் என்போம். என்னோடு நான்கு வருடம் ஓட்டிய பைலட் அண்ணன் பாலக்கோடு பக்கத்துக்காரர். வெளியாட்கள் முன்னால் என்னை 'சிஸ்டர்' என்பார், வண்டிக்குள் 'பாப்பா'. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

இரட்டைப் பாலம் அருகே ஒரு ராத்திரி, லாரி மோதி மூன்று வண்டிகள் நசுங்கிக் கிடந்தன. ஒரு காரின் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒருவர் சிக்கியிருந்தார். நினைவு இருந்தது. தீயணைப்பு வண்டி வரும்வரை அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடி நின்றார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையை வெளியே எடுத்தோம். மூச்சு இருந்தது, உடனே கிளம்பியாக வேண்டும். "அண்ணா, விட்டுட்டு வாங்க" என்று கத்தினேன். அவர் கையை விட்டுவிட்டு வந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த மனிதர் பிழைக்கவில்லை.

நான் சொன்னது சரிதான். யாரைப் பிழைக்க வைக்க முடியுமோ அவரைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கையை விட்டவர் நான் இல்லை, அவர்.

மருத்துவமனையில் ஒப்படைத்தோம். பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கழுவினோம். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றி, ரெக்கார்டு எழுதி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. பார்த்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே இந்த வேலையில் கிடையாது.

இரண்டு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. போன் மணி அடித்தால் அவர் உடம்பு தூக்கிப் போடும். வீட்டுப் போனை எப்போதும் சைலன்டில் வைத்தார். லைனர் வாடை வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்து வழுக்கும். தூக்கத்தில் வலது கையை மூடி மூடித் திறக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். குடிப்பழக்கம் இல்லாத மனிதர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "எனக்கு ஒன்னும் இல்ல பாப்பா, சூடு ஏறிடுச்சி" என்பார். ஒரு பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுப் பையன் ஒருவன் வேறு வழி சொன்னான். வெளிநாட்டில் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு டாக்டர்களே போதை மருந்து கொடுத்து இதைக் குணமாக்குகிறார்கள், பயங்கரத்தைப் பார்த்தபின் மனதில் தங்கிவிடும் இந்த நோய்க்கு பி.டி.எஸ்.டி. என்று பேர் என்று போனில் காட்டியிருக்கிறான். நாக்கில் வைக்கிற சின்னக் காகிதம் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டாம்ப் என்கிறார்கள், இல்லாததைக் காட்டும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் தடவியது.

வார விடுப்பு நாளில், மாந்தோப்பில் தனியாக உட்கார்ந்து அண்ணன் அதை வைத்துக்கொண்டார். மதியம் அவர் மனைவியிடமிருந்து எனக்குப் போன். நான் போனபோது மரத்தோடு ஒட்டிக் குந்தியிருந்தார். கண்மணிகள் விரிந்திருந்தன, நாடி 130. தூரத்து ரோட்டில் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம், "விட்டுட்டன், விட்டுட்டன்" என்று அலறினார். என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. அந்த மருந்தின் வேகம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும். பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். போன உடனே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். போலீஸ், வேலை, பேர் என்று பயந்து நான்கு மணி நேரம் தாமதித்தேன். தெருவில் கிடைக்கும் ஸ்டாம்பில் எல்.எஸ்.டி.தான் இருக்கும் என்று நிச்சயமில்லை. என்.பி.ஓ.எம்.இ என்ற வேறொரு ரசாயனம் அதே பேரில் விற்கப்பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. வேறு யாராவது இப்படி வைத்துக்கொண்டு காத்திருந்தால் நான் திட்டியிருப்பேன். இருட்டியதும் அரசு மருத்துவமனைக்குப் போய், டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். எடுத்துக்கொண்டது என்னவென்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். அந்தப் பொருளை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான். ஆனால் மனநலச் சிகிச்சைக்கு வருகிறவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. இது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அந்தப் பையன் காட்டிய ஆராய்ச்சியை நானே தேடிப் படித்தேன். முதல் விஷயம், அங்கே சிப்பாய்களுக்குக் கொடுத்தது எல்.எஸ்.டி.யே இல்லை, எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு போதை மருந்து. அண்ணன் ஒரு மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு இன்னொன்றை நாக்கில் வைத்திருக்கிறார்.

2021-இல் வெளியான அந்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு, முடிவில் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. படித்ததும் எனக்கும் மனம் துள்ளியது. பிறகு அதை எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தேன். மருந்து மூன்றே தடவை. ஒவ்வொரு தடவையும் எட்டு மணி நேரம், பயிற்சி பெற்ற இருவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை மணி நேரப் பேச்சு பன்னிரண்டு முறை. கூட்டிப் பார்த்தேன், 42 மணி நேரம். அதே ஆய்வில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் அந்த 42 மணி நேரம் கிடைத்தது. அவர்களிலும் 32 சதவீதம் பேர் அதே அளவுக்கு மீண்டிருக்கிறார்கள்.

67-ஐவிட இந்த 32-தான் என்னை ரொம்ப நாள் உலுக்கியது. மருந்து இல்லாமலே, ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் தேறியவர்கள். எங்கள் அண்ணனுக்கு அந்த விபத்துக்குப் பிறகு எத்தனை மணி நேரம் கிடைத்தது? வண்டி கழுவிய நேரம்கூட அமைதியாகக் கிடைக்கவில்லை.

அந்த மருந்தே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் அதைக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு செய்து வரச் சொன்னார்கள். எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்படியிருக்க முடிவை எப்படி நம்புவது என்ற கேள்வி அங்கே எழுந்தது. நியாயமான கேள்வி. நாளைக்கு முறையாக இங்கேயும் வந்தால் சந்தோஷப்படுவேன். இன்றைக்கு மாந்தோப்பில் தனியாக வைத்துக்கொள்வது அந்தச் சிகிச்சை அல்ல. சிகிச்சையில் முக்கால்வாசியான ஆள் துணை அங்கே இல்லை.

அண்ணனுக்கு மனநலப் பிரிவில் செர்ட்ரலின் என்ற மனநல மாத்திரை ஆரம்பித்தார்கள். வாரம் ஒருநாள் ஆலோசகரிடம் பேச்சு. அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை, கண்ணை மூடி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வெளியே வந்து வாந்தி எடுத்தார். "இதுக்கு அந்த ஸ்டாம்பே தேவலாம் பாப்பா" என்றார். ஆறாவது வாரம், அந்த மனிதர் என்ன சாப்பிட்டார் என்று சொன்னதைக்கூட நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னார். ராகிக் களி. அதைச் சொல்லும்போது அழுதார், ஆனால் உடம்பு தூக்கிப் போடவில்லை.

பிறகு ரோடு. ஒருநாள் நிறுத்திய வண்டியில் சும்மா உட்கார்ந்தார். இன்னொரு நாள் பாளையம் சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினோம். கணவாய் இறங்க நான்கு மாதம் ஆனது. இப்போதும் சில ராத்திரி தூக்கம் கெடுகிறது. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசினாராம். தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள் என்றார்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். பெரிய கேஸ் முடிந்தால், வண்டி கழுவியதும் அடுத்த அழைப்பு வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். கண்ணால் பார்த்ததை இருவரும் சொல்லிக்கொள்வோம். சிலநாள் பத்து நிமிஷம் கிடைக்கும், சிலநாள் டீ ஆறுவதற்குள் மணி அடிக்கும்.

போன வாரம் அப்படி ஒரு பெஞ்சில்தான் முதன்முறையாக அவரிடம் கேட்டேன், "அன்னிக்கு விட்டுட்டு வாங்கன்னு நான் கத்துனதுக்கு என் மேல கோவமா அண்ணா?"

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "இருந்துச்சி பாப்பா," என்றார்.