முந்திரிப் பருவத்தில் கோவா: நீரோ, உர்ராக், ஃபெனி

கோவா சென்று திரும்பியவர்களிடம் அவ்வூர்ச் சாராயமான ஃபெனியைப் பற்றிக் கேட்டால், பலரும் முகம் சுளித்துக்கொண்டு அதன் நெடியைப் பற்றித்தான் பேசுவார்கள். கடற்கரைச் சாலைக் கடைகளில் முந்திரி வடிவக் குப்பியில் அடைத்து வைத்திருப்பதை ஊர் திரும்பும் நாளன்று அவசரமாக வாங்கி, வீட்டில் மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அலமாரியின் மூலையில் ஒதுக்கிவைப்பதோடு அவர்களுடைய பழக்கம் முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த நெடிதான் ஃபெனியின் உயிர். மரத்தில் முற்றிப் பழுத்துத் தானாக உதிர்ந்த முந்திரிப்பழத்தின் மணம், நொதித்து, இருமுறை காய்ச்சி வடிக்கப்பட்ட பின்னும் அழியாமல் நிற்கிறது என்பதே அதன் பொருள். இதை உணர விரும்புகிறவர் குப்பியிலிருந்து தொடங்கக் கூடாது. மார்ச் முதல் மே வரையிலான முந்திரிப் பருவத்தில், கடற்கரையை விட்டுக் கிழக்கே மலைப்பக்கம் போக வேண்டும்.

நான் சென்றது சத்தரி வட்டத்துக்கு. பணஜியிலிருந்து வால்பொய் வரை பேருந்து உண்டு. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களை நோக்கிச் செல்லும் சாலைகளில், அந்த மாதங்களில், பட்டி எங்கே இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மூக்கே வழி சொல்லிவிடும். பட்டி என்பது சாறு பிழிந்து காய்ச்சும் கொட்டகை. காலையில் வெயில் ஏறுவதற்குள் தோப்பில் பழம் பொறுக்கும் வேலை முடிந்துவிடுகிறது. முனையில் ஆணி பதித்த கம்பால், குனியாமலேயே, ஒவ்வொரு பழமாகக் குத்தி எடுத்துக் கூடையில் போடுகிறார்கள். மரத்திலிருந்து பறித்த பழத்தைச் சேர்ப்பதில்லை, உதிர்ந்ததுதான் வேண்டும். முற்றாத பழத்தில் இனிப்பும் குறைவு, சாறும் குறைவு. கொட்டையைத் திருகித் தனியே எடுத்து விற்பனைக்கு ஒதுக்கிவிட்டு, பழத்தை மட்டும் பட்டிக்கு அனுப்புகிறார்கள்.

நம்மவர்களுக்கு இந்தப் பழம் புதிதன்று. பண்ருட்டிப் பக்கம் வளர்ந்தவர்கள், உப்பைத் தொட்டுக்கொண்டு முந்திரிப்பழம் தின்றதையும், தொண்டை கரகரத்ததையும், சட்டையில் பட்ட கறைக்காக வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே மதிப்பெல்லாம் கொட்டைக்குத்தான். பழத்தில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகி மண்ணோடு மண்ணாகிறது. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தை 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கோவாவில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கும் பழக்கம் இருந்தது. அந்தக் கைப்பழக்கத்தைப் புதிதாக வந்த பழத்தின் மீது பிரயோகித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பழம் வெளியிலிருந்து வந்தது, வித்தை உள்ளூருடையது. அந்த இரண்டும் கூடியதால்தான் ஃபெனி வேறெங்கும் இல்லாத ஒன்றாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பழைய முறையில், பாறையைக் குடைந்து செய்த கொளம்பி என்ற ஆழமற்ற தொட்டியில் பழத்தைக் கொட்டி, காலால் மிதித்துச் சாறு எடுக்கிறார்கள். இப்போது பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. நான் பார்த்த பட்டியில் இன்னும் கால்தான். மிதித்து முடித்த சக்கையைக் குன்றுபோலக் குவித்து, அது சரிந்துவிடாதபடி நுடி என்ற கொடியால் சுற்றி இறுக்கி, மேலே பலகை வைத்துக் கல்லை ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பாரத்தில் கசிந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் தெளிந்த சாறுதான் நீரோ. இதில் போதை இல்லை. நம் பதநீரைப் போலவே பொழுது ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டியது. நேரம் போனால் புளிக்கத் தொடங்கிவிடும். பட்டியை நடத்தும் பெரியவர் ஒரு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பழத்தைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அதில் பெருமளவு அடங்கி, இனிப்பும் மணமும் முன்னால் வந்திருந்தன. மதுவே அருந்தாதவர்களும் இந்த ஒரு தம்ளருக்காக அந்தப் பருவத்தில் அங்கே போகலாம். பிற்பாடு ஃபெனியில் வரப்போகும் மணத்தின் முதல் வடிவம் இதில்தான் தெரிகிறது.

மிதித்தெடுத்த சாற்றுக்கு வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஏறக்குறைய மூன்று நாளில் நுரைத்துப் பொங்கி அடங்குகிறது. பிறகு அந்த ஊறலை அடுப்பின் மேலுள்ள பானையில் ஊற்றி, வாயை மூடி, இடுக்கு வழியாக ஆவி தப்பாதபடி புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். முன்பு மண்பானை, இப்போது பெரும்பாலும் செம்பு. ஆவி குழாய் வழியாகப் பக்கத்திலிருக்கும் லவ்ணி என்ற கலத்துக்குள் போகிறது. அந்தக் கலத்தின் மேல் குளிர்ந்த நீரை ஓயாமல் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே ஆவி குளிர்ந்து திரவமாகிறது. விறகு அதிகம் எரிந்தால் தீய்ந்த வாடை வந்துவிடும், குறைந்தால் வடிவது நின்றுவிடும். எனவே அடுப்பைப் பார்ப்பவரின் அனுபவம்தான் அன்றைய சரக்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அவர் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுப்பதும் மீண்டும் தள்ளுவதுமாக இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பமானி எதுவும் அங்கே இல்லை.

முதல் வடிப்பில் கிடைப்பது உர்ராக். இதில் சாராயச் சத்து சுமார் 15 சதவீதம். நீண்ட நாள் வைத்துக் குடிப்பதற்கு உகந்ததன்று; பருவம் முடிந்தால் உர்ராக்கும் முடிந்தது. ஆகவே கோவாக்காரர்கள் கோடையில் இதற்காகக் காத்திருக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, கீறிய பச்சை மிளகாய் ஒன்றை மிதக்கவிட்டு, லிம்காவும் பனிக்கட்டியும் சேர்த்துக் குடிப்பது வழக்கம். உச்சி வெயிலில் அந்தப் புளிப்பும் உறைப்பும் பழமணமும் சேர்ந்து உள்ளே இறங்குவது அபாரமான அனுபவம். ஆனால் பானகம் போல இலேசாக இருக்கிறதே என்று அடுத்தடுத்துக் குடித்துவிட்டு, அந்த வெயிலில் வண்டியை எடுப்பது ஆபத்து. நான் போகவரப் பேருந்தையே நம்பியதற்கு இதுவும் காரணம்.

உர்ராக்கோடு நொதித்த சாற்றையும் கலந்து மீண்டும் காய்ச்சினால் ஃபெனி. வீரியத்தைக் கிராவ் என்ற பழைய போர்த்துக்கீசியக் கால அளவையில் சொல்கிறார்கள். அனுபவசாலிகள் தம்ளரில் ஊற்றும்போது எழும் குமிழிகளைப் பார்த்தே கணித்துவிடுகிறார்கள். குப்பியில் அடைத்து விற்கப்படுவதில் சாராயச் சத்து வழக்கமாக 42.8 சதவீதம். பட்டியில் அன்று வடித்ததை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். சாராயத்தின் காரம் பறந்த பிறகு, காலையில் தோப்பில் வீசிய அதே பழவாசனையும், அதனடியில் பலாவைப் போன்ற ஒரு கனமும் கையில் நெடுநேரம் நின்றன. வெறும் எரிசாராயத்தில் எசன்ஸ் கலந்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அத்தகைய சரக்கில் முதல் வீச்சுக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. ஃபெனியைக் குளிர்பானத்தில் கரைத்து அதன் மணத்தை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிறிய கண்ணாடித் தம்ளரில், சில சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு, முகர்ந்து, சிறிது சிறிதாகப் பருக வேண்டும். கோவா வீடுகளில் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்பதற்கும் இதையே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு உழைப்பும் நுட்பமும் கொண்ட ஒன்றைச் சட்டம் நெடுங்காலம் வெறும் நாட்டுச்சாராயம் என்ற வகையிலேயே வைத்திருந்தது வருத்தத்துக்குரியது. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் கோவா அரசு அதை மரபுப் பானமாக அறிவித்தது. காய்ச்சுவதும் ஒளிவுமறைவாக நடப்பதன்று. கலால் துறை பகுதி பகுதியாக விடும் ஏலத்தில் உரிமை எடுத்துத்தான் காய்ச்சுகிறார்கள். 1987 முதல் கள் இறக்கவே தடை உள்ள தமிழ்நாட்டிலிருந்து போகிற ஒருவனுக்கு இதைப் பார்க்கும்போது ஏக்கம் வராமல் இருக்காது. பனையும் தென்னையும் முந்திரியும் நம்மிடம் இருக்கின்றன. டாஸ்மாக் கடைகளில் விற்பதில் இவற்றில் ஒன்றின் சுவைகூட இல்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நானும் அறிவேன், அந்தக் கவலையைத் தள்ளிவிட்டுப் பேசவில்லை. ஆனால் ஆலைச் சரக்கை அரசே விற்றுக்கொண்டு, மரமேறியின் கலயத்தை மட்டும் குற்றமாக்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் இன்னொரு வகை ஃபெனி பெரும்பாலும் தெற்கு கோவாவில் கிடைக்கிறது. முந்திரி ஃபெனியைவிட மணம் மென்மையானது; பழநெடி ஒத்துக்கொள்ளாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். முந்திரியைப் போல இதற்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ரெந்தேர் எனப்படும் மரமேறிகள் அருகி வருவதால் நல்ல சரக்கு எளிதில் அகப்படுவதில்லை. சந்தைக் கடைகளில் தேடுவதைவிட, ஊருக்குள் இருக்கும் தவேர்னா என்ற சிறிய மதுக்கடைகளில் உட்கார்ந்து, யார் வடித்தது என்று கேட்டு வாங்குவதே நல்லது. அவர்கள் ஊரையும் ஆளையும் சொல்லித்தான் ஊற்றுவார்கள்; சொல்லத் தயங்கினால் வேறு கடை பார்க்கலாம்.