பெத்தப்பாட றங்குப் பெட்டிப் புத்தகங்கள பதிஞ்சு ஸ்கேன் எடுத்த அனுபவம்

காரைதீவுல எங்கட பெத்தப்பா (தாத்தா) ஒரு பழைய வாத்தியார். கடக்கரைப் பக்கம் இருந்த வீட்டுல அவர் சேத்து வச்ச புத்தகத்தில கொஞ்சம் 1978 சூறாவளியில நனஞ்சு போச்சாம், மிச்சத்த 2004 சுனாமி அள்ளிக்கொண்டு போயிட்டு. பெரியம்மா வீட்ட ஒரு றங்குப் பெட்டிக்குள்ள கிடந்தது மட்டும்தான் தப்பினது. அதுல உள்ளத எல்லாம் பதிஞ்சு, ஸ்கேன் எடுத்து, நூலகம் நிறுவனத்துக்கு (2005ல தொடங்கின இணைய நூலகம், இணையத்துல ஈழத்துப் புத்தகம் தேடுற எல்லாருக்கும் தெரியும்) குடுக்கிற வேலை ஒருவழியா முடிஞ்சிருக்கு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எத்தனையோ வீட்டுல இப்பிடிப் பெட்டி கிடக்கு, அதான் விவரமா எழுதுறன்.

பெட்டியத் துறந்த உடனே பெரியம்மா சொன்ன முதல் கதை, "மனே, பூச்சி புடிச்சதெல்லாத்தையும் எரிச்சுப்போட்டு நல்லத மட்டும் கொண்டு போ." எல்லா வீட்டுலயும் இதத்தான் சொல்லுவாங்க, ஆனா செய்யவே கூடாது. பூச்சி இருக்கிற புத்தகத்த பொலித்தீன் பையில போட்டு காத்துப் போகாம ஒட்டி, டீப் ஃப்ரீசருக்குள்ள மைனஸ் 20ல ரெண்டு கிழமை அளவு வச்சு, மறுகா வெளிய எடுத்து பையத் துறக்காம ஒரு நாள் விட்டு, பிறகு துறந்து மெல்லிசான தூரிகையால தட்டினாக் காணும். வெயில்ல காயப்போடுறது, மருந்து அடிக்கிறது, செலோ டேப் ஒட்டுறது ஒண்டும் வேணாம். டேப்புல உள்ள பசை கொஞ்சக் காலத்துல மஞ்சளாகி எழுத்தையும் சேத்துத் திண்டுரும்.

பட்டியல் போடுறதுதான் பெரிய வேலை. எக்செல்ல தலைப்பு, ஆசிரியர், அச்சுக்கூடம், ஊர், வருஷம், பக்கம், எது இல்லாமப் போச்சு எண்டு ஒவ்வொரு நிரலா போட்டன், கடைசியா ஒரு நிரல் கையெழுத்துல என்ன எழுதியிருக்கு எண்டு. அந்தக் கடைசி நிரல்தான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமாப் பட்டிச்சு. ஒரு புத்தகத்துல ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தரா வச்சிருந்த ஆக்கள்ற பேர், இன்னொண்டுல பிள்ளை பிறந்த நாழிகை, வேற ஒண்டுட பின்னட்டையில வயல் குத்தகைக்கு எத்தனை அவணம் நெல்லு எண்ட கணக்கு. அச்சடிச்ச பக்கம் வேற எங்கயாவது கிடைக்கலாம், இது உலகத்துல இந்த ஒரு பிரதியில மட்டும்தான் இருக்கு.

இதுல மனசு வெந்த விசயம் ஒண்டு. பெட்டியில இருந்த ரெண்டு புத்தகத்த முந்தி மாமா பைண்டிங்குக்குக் குடுத்திருக்கார், பைண்ட் பண்ணின ஆள் ஓரமெல்லாத்தையும் மெசின்ல வெட்டி நேராக்கி விட்டுட்டார். பெத்தப்பா ஓரத்துல எழுதி வச்ச குறிப்பெல்லாம் பாதிப் பாதியாப் போச்சு. பைண்டிங் குடுத்தே ஆகோணும் எண்டா "ஓரம் வெட்டாதீங்க"னு எழுதியே குடுங்க, வாயால சொன்னாக் காணாது.

வருஷம் கண்டுபிடிக்கிறது தனிக் கதை. பழைய புத்தகம் கனக்கத்துல இங்கிலீஸ் வருஷமே இராது, தமிழ் வருஷப் பேர் மட்டும்தான் கிடக்கும், அது 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். எங்கட ஒரு புராணப் புத்தகத்துல "விகாரி வருஷம் ஆவணி" எண்டு மட்டும் இருந்திச்சு. அப்ப 1839 இல்லாட்டி 1899 இல்லாட்டி 1959. உள்ள ஒருத்தர் மையால பேர எழுதி 1907 எண்டு போட்டிருந்ததால 1959 இல்ல. கடதாசி மண்ணிறமாகி, மடிச்சா முறியிற மாதிரி இருந்திச்சு, மரக்கூழ்ல செஞ்ச கடதாசிதான் பெரும்பாலும் உள்ளுக்க இருக்கிற அமிலத்தால இப்பிடி ஆகும், அந்தக் கடதாசி 1839ல அச்சுக்கு வரவே இல்ல. ஆக 1899. வந்தாறுமூலைக் கெம்பஸ்ல (கிழக்குப் பல்கலைக்கழகம்) படிப்பிக்கிற ஒரு சேர் இந்த மாதிரிப் பாக்கச் சொல்லித் தந்தார். பழைய துணிக் கூழ்ல செஞ்ச கடதாசிப் புத்தகம் இதவிட வயசு கூடினாலும் உறுதியா இருக்கும் எண்டும் சொன்னவர். இலங்கையில அச்சடிச்சதா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு, 1885ல வந்த சட்டத்துப்படி அச்சடிக்கிற புத்தகத்துல பிரதி அரசாங்கத்துக்குக் குடுக்கோணும், அது கொழும்பு நூதனசாலை (அருங்காட்சியகம்) நூலகத்துலதான் சேர்ந்தது, அங்க தேடிப் பாக்கலாம்.

பழந்தமிழ் இசையப் பத்தி விபுலாநந்த அடிகள் எழுதின யாழ் நூல் ஒண்டு இருந்திச்சு, அடிகள் எங்கட ஊர் எண்டதால அதத் தொட்ட உடனேயே கை நடுங்கிச்சு. முன்பக்கம் இல்ல. 1947ல கரந்தைத் தமிழ்ச் சங்கம் போட்ட முதல் பதிப்பா, 1974ல வந்த ரெண்டாம் பதிப்பா எண்டு தெரியாம, வருஷம் தெரிஞ்ச ஒரு பிரதிட படங்களோட பக்கம் பக்கமா வச்சு வரி முடியிற இடம், பக்க எண், அட்டவணை எல்லாம் ஒப்பிட்டன். முதல் பதிப்புத்தான். அண்டைக்கு அம்மாக்கு போன் எடுத்துச் சொல்லி அழுதே போட்டன்.

ஸ்கேன் எடுக்கிறதுக்கு பிளாட்பெட் மெசின்ல கவுட்டு அமத்தக்கூடாது, முதுகு வெடிச்சுரும். புத்தகத்த முழுசா விரிக்காம வீ மாதிரி ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மேலயிருந்து கமராவால எடுத்தம், ரெண்டு பக்கமும் லைட், 400 டிபிஐ வாறளவுக்கு, டிஃப்ல (தரம் குறையாத படக் கோப்பு) ஒரு பிரதி, பிடிஎஃப்ல ஒரு பிரதி. வெறும் பக்கத்தையும் விடாம எடுக்கோணும். பதிப்புரிமையையும் பாக்கோணும், இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்கச் சட்டத்துப்படி எழுதினவர் செத்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. அடிகள் 1947ல காலமானவர், அதால 2017ஓட முடிஞ்சுட்டு. வி.சீ. கந்தையாட மட்டக்களப்புத் தமிழகம் 1964ல வந்தது, அதுக்கெல்லாம் குடும்பத்துக்கிட்ட எழுத்துல சம்மதம் வேணும்.

கடைசியா எடுத்தது ஒரு கொப்பி. கோயில் ஏட்டப் பாத்து பெத்தப்பா கையால எழுதின கண்ணகி வழக்குரை, கண்ணகி கதையப் பாட்டாச் சொல்ற நூல். வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் கதவு துறந்து குளிர்த்தி (அம்மன்ட கோபத்தத் தணிச்சுக் குளிர வைக்கிற சடங்கு) முடியிற வரைக்கும் அங்க படிக்கிறதுதான். இதக் கந்தையா அச்சுல பதிப்பிச்சிருக்கிறார், எண்டாலும் எங்கட கொப்பியில கடலோட்டு காதையில அதுல இல்லாத வரி வருது, சில வரி வேற மாதிரி, எங்க உடுக்கு அடிக்கோணும், எங்க மூச்சு விடோணும் எண்டு ஓரத்துல சிவப்பு மையால குறி. இத கோயில் ஆக்கள்ட கேக்காம இணையத்துல போட எனக்கு மனசு வரல. போய்க் கதைச்சன், பெரிய மனுசர் ஒராள் கொப்பியத் தடவித் தடவிப் பாத்துட்டு, "எடு மனே, ஆனா குளிர்த்திப் பாட்ட மட்டும் கோயில்லயே விடு" எண்டார். அப்பிடியே செஞ்சம், அந்தப் பக்கங்கள் கோயிலுக்கு மட்டும் ஒரு பிரதியாக் குடுத்தாச்சு.

தம்பிலுவில், செட்டிபாளையம் பக்கம் வீட்டுல இப்பிடி வழக்குரைக் கொப்பி வச்சிருக்கிறவங்க இருந்தா கடலோட்டு காதையையும் கலியாணக் காதையையும் மட்டும் போன்ல படம் எடுத்து அனுப்புங்க, எங்கட கொப்பியோட வரிக்கு வரி வச்சுப் பாக்கோணும்.