பத்திரம் தொலைந்தது வங்கியில்

வட்டியைக் கூட்டிவிட்டார்கள், மேலாளர் மரியாதையாகப் பேசவில்லை என்று வரும் புகார்கள் பெரும்பாலும் வாதத்திலேயே கரைந்துபோகும். வீட்டுக்கடனை முழுதாக அடைத்தும் மூலப்பத்திரம் கைக்கு வராத வழக்கு அப்படியல்ல. அதை நுகர்வோர் ஆணையத்தில் நாட்காட்டியை வைத்தே நடத்திவிடலாம்.

2023 செப்டம்பர் 13 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைதான் அடிப்படை. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும். சொத்தின் மேல் கடனுக்காகப் பதிவான பொறுப்பையும் நீக்கவேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித்தர வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தும். மார்ச் 1 அன்று கடன் முடிந்து, ஜூன் 9 அன்று பத்திரம் வந்தால் தாமதம் 70 நாள், தொகை 3,50,000 ரூபாய். எம்.ஓ.டி. (பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) போட்டிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறியதா என்றும் பார்க்கவேண்டும். பத்திரம் வந்த மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சண்டை எப்போதும் கடன் முடிந்த தேதியில்தான். கடைசித் தவணைக்கும் கணக்கை மூடுவதற்கும் இடையே சில ரூபாய் வட்டி ஏறி நிற்கும். அதைக் காட்டி, கடன் முடியவே இல்லை என்பார்கள். ஆகவே, தேதியிட்ட முடிப்புக் கடிதமும் நிலுவை பூஜ்யம் எனக் காட்டும் கணக்கு விவரமும் கையில் இல்லாமல் மனு எழுத உட்காராதீர்கள். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலும் வேண்டும். அது இல்லையென்றால் தாய்ப்பத்திரத்தை நீங்கள் ஒப்படைக்கவே இல்லை என்ற பதில் வரலாம்.

பத்திரம் தொலைந்திருந்தால் நகல் பெற வங்கி உதவவேண்டும், செலவும் அதனுடையது. அதற்காகக் கூடுதலாக 30 நாள் உண்டு. இழப்பீட்டுக் கணக்கு 60 நாளுக்குப் பிறகே ஓடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காவல் நிலையத்தில் “என் பத்திரம் காணவில்லை” என்று கடன்தாரரையே புகார் எழுதச் சொல்வார்கள். எழுதினால், தொலைத்தது நீங்கள் என்றாகிவிடும். வங்கியின் காவலில் தொலைந்தது என்று வங்கியே எழுதட்டும்.

வேறொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பாக்கிக்காகப் பத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்ற எதிர்வாதம் வரும். அதை மனுவிலேயே எதிர்கொள்வது நல்லது. மறைத்தால் நம்பகத்தன்மை போய்விடும்.

தொழிலுக்காக வாங்கிய கடன் என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. சென்னை விளம்பர நிறுவனம் ஒன்று திரைப்படப் பணிக்காகப் பெற்ற 10 கோடி ரூபாய்க் கடன் தொடர்பான வழக்கில், லாப நோக்கக் கடனாளி நுகர்வோர் அல்ல என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்ஃபேசி சட்டப்படி அடமானச் சொத்தை வங்கியே விற்கும் ஏலத்தை நிறுத்தவும் நுகர்வோர் ஆணையம் இடமல்ல. அதற்குக் கடன் மீட்புத் தீர்ப்பாயம். 45 நாள் கெடு.

மனுவை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள். நோட்டீஸ் கிடைத்தபின் பதில் தர வங்கிக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வங்கி பாதித் தொகையைக் கட்டவேண்டும் என்பதால், சமரசப் பேச்சு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வரும்.

வழக்கு நடக்கும்போதே திடீரெனப் பத்திரத்தை வாங்கிப்போக அழைப்பு வந்தால் போங்கள். நீட்டும் ரசீதில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருக்கும். அதை அடித்து, “இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடுங்கள்.