ஒரு நொடியை எட்டு நொடியாக்கிப் பார்த்த ஏழு மாதங்கள்

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுச் சிமெண்டு டைல்) செய்யும் பட்டறையில் பூ அச்சைத் தூக்கும் தருணம் ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சைப் பொருத்தி, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்குவார்கள். இமைத்தால் தவறிப்போகும். அச்சின் தகடு நின்றிருந்த இடத்தில் இரண்டு நிறங்கள் வந்து தொட்டுக்கொள்ளும், ஆனால் கலக்காது. அவை எப்படித் தொடுகின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான், என் போனில் தொடாமலே கிடந்த ஸ்லோ மோஷன் வசதியைக் கடந்த ஏப்ரலில் திறந்தேன். அக்டோபர் மழை வரை எடுத்ததில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் முயற்சி காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறையில். இரவு எட்டு மணி, டியூப் லைட் வெளிச்சம், குடத்திலிருந்து செம்புக்குத் தண்ணீர். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சுவர் முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. போன் பழையதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தபின் கோளாறு போனில் இல்லை என்று புரிந்தது.

கணக்கு எளிதானது. சாதாரண வீடியோ நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப் படங்கள். ஸ்லோ மோஷனில் என் போன் நொடிக்கு 240 பிரேம் எடுக்கிறது. அதை 30 பிரேம் வேகத்தில் ஓட்டும்போது ஒரு நொடி எட்டு நொடியாக நீள்கிறது. 120 பிரேமில் எடுத்தால் நான்கு நொடி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் யோசிக்கத் தவறியது வெளிச்சத்தை. நொடிக்கு 240 பிரேம் எடுக்க வேண்டுமென்றால், எந்த ஒரு பிரேமும் ஒரு நொடியில் 240-இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் வெளிச்சத்தை வாங்க முடியாது. அசைவு தெளிவாக வர அதிலும் பாதி, 480-இல் ஒரு நொடி, இருந்தால் நல்லது. சாதாரண வீடியோவில் பெரும்பாலும் 60-இல் ஒரு நொடி கிடைக்கிறது. ஆக, எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறோம். அந்தக் குறையைச் சரிக்கட்டப் போன் வெளிச்சத்துக்கான தன் உணர்திறனை ஏற்றுகிறது. புள்ளிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

துடிப்புக்குக் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. எட்டு மடங்கு மெதுவாக்கினால் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் துடிப்பதாகத் தெரிந்துவிடுகிறது. படம் எடுத்து முடித்தபின் இதைச் சரிசெய்வது பெரும் தலைவலி. வெயிலுக்கு இந்தத் துடிப்பு கிடையாது. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில விளக்குகள் மறுபடி துடிக்கத் தொடங்குகின்றன.

அன்றிலிருந்து எதை எடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகினேன்.

மே மாதம் ஆத்தங்குடிக்குப் போனேன். எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் அங்கே சிறிய பட்டறையில் வேலை செய்கிறார். நடுப்பகலில் வெயில் நன்றாக இருக்கும் என்று பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றது தவறு. கல்லை மேலிருந்து நேராக எடுக்க வேண்டும் என்பதால், இரண்டு முக்காலிகளுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலை வைத்து, அதில் போனைப் பிடிகருவியால் கவ்வ வைத்திருந்தேன். போனின் நிழல் சரியாகப் பூவின் நடுவில் விழுந்தது. ஈரமான வண்ணம் வெயிலைக் கண்ணாடிபோலத் திருப்பியடித்ததால் பாதிப் படம் வெள்ளையாகிவிட்டது. கால் மணி நேரத்தில் போன் சூடேறிக் கேமராவும் நின்றுபோனது. அண்ணன் ஈரத் துணியைக் கொடுத்து, "தம்பி, காலையில் எட்டரைக்கு வாருங்கள். அப்போது கிழக்குப் பக்கத்து வெயில் சரிந்து விழும். எங்களுக்கும் அதுதான் தோதான நேரம்" என்றார். துணியைப் போன்மீது சுற்றாமல் என் தலையில் போட்டுக்கொண்டேன். சூடான போனை ஈரத்தில் வைக்கக் கூடாது. நிழலில் சும்மா வைத்தாலே ஆறிவிடும்.

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டேன். சரிந்த வெயில் கல்லின் விளிம்புகளைத் தனியாக எடுத்துக் காட்டியது. இந்த முறை அவர் வேலையைத் தொடங்கியதும் நான் பொத்தானைத் தொடவில்லை. பத்துக் கல் போடும் வரை சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஊற்றும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் நடுப்பூ, பிறகு இதழ்கள், கடைசியாகச் சுற்றுநிறம். கடைசி நிறத்தை ஊற்றத் தொடங்கும் முன் இடது கையால் சட்டத்தின் மூலையை ஒருமுறை தட்டுகிறார். அந்தத் தட்டல்தான் எனக்கு அடையாளம். அது கேட்டதும் பொத்தானை அழுத்தினேன், அச்சு மேலே போனதும் நிறுத்தினேன். என் போனில் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ அரை ஜி.பி. இடத்தைத் தின்றுவிடுகிறது. ஓடவிட்டுக் காத்திருந்தால் இடமும் தீரும், வீட்டுக்கு வந்து தேடி எடுப்பதற்குள் பொழுதும் போய்விடும். எடுக்கப்போகும் வேலையின் தாளம் தெரிந்திருந்தால் ஐந்து நொடிப் பதிவே போதும்.

பொத்தானுக்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. திரையில் கல் இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்கின்றன. பூட்டாமல் எடுத்த முதல் நான்கில், கரண்டி உள்ளே வந்ததும் போன் கரண்டியைப் பார்த்துத் தடுமாறி, பூ மங்கி, மறுபடி தெளிந்தது. சாதாரண வீடியோவில் கண் சிமிட்டும் நேரம்தான் அந்தத் தடுமாற்றம். இங்கே அது மூன்று நொடி நீண்டு படத்தையே கெடுத்துவிடுகிறது. ஜூமையும் தொடாமல் விட்டேன். திரையில் இழுத்துப் பெரிதாக்கும்போது போன் பெரும்பாலும் படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகிறது. வெளிச்சம் குறைவான வேலைக்கு முதன்மைக் கேமராவே நல்லது. வேண்டுமென்றால் போனை அருகே கொண்டுபோக வேண்டும்.

நான் எடுக்கத் தொடங்கியபின் பதினோராவது கல்லில் அது கிடைத்தது. அச்சு மேலே எழும்புகிறது. தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருந்த மஞ்சளும் பச்சையும் மெல்லிய திரைபோல அதனுடன் கொஞ்சம் ஏறி, பிறகு அறுந்து கீழே விழுகின்றன. நடுவில் மயிரிழை அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரிகிறது. இரண்டு நிறமும் உள்பக்கமாகச் சாய்ந்து அந்தப் பள்ளத்தை மூடி, ஒருமுறை நடுங்கி, நின்றுவிடுகின்றன. குழம்பு கெட்டியாக இருப்பதால்தான் அவை ஒன்றுக்குள் ஒன்று ஓடுவதில்லை. இதற்குப் பிறகு உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது அந்தப் பக்கம் பளபளக்கும்.

அண்ணன் அந்தப் பதிவை மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறையில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி விரலை வைத்தார். கரண்டியைத் திருப்பும்போது அதன் நுனியிலிருந்து ஒரு பச்சைச் சொட்டு பிரிந்து பக்கத்து அறையின் விளிம்பில் விழுந்திருந்தது. "சில கல்லில் மஞ்சளுக்குள் பச்சைப் புள்ளி வருகிறதே, எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருடம் தெரியவில்லை" என்றார். அடுத்த கல்லுக்குக் கரண்டியின் நுனியைச் சட்டத்தில் தட்டிவிட்டுத்தான் திருப்பினார். என் ஏழு மாத முயற்சியில் இதைவிட எனக்கு நிறைவு தந்தது வேறு எதுவும் இல்லை.

ஜூலையில் பள்ளத்தூர் வீட்டில் வெள்ளைப் பணியாரம். அப்பத்தா பின்கட்டில் விறகடுப்பு மூட்டினார். சமையலறையில் விளக்குத் துடிப்பு இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டதால்தான் அந்த ஏற்பாடு. எண்ணெய்ப் புகை லென்ஸில் படிந்து படம் பனிமூட்டமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தேன். வாணலிக்கு நேர் மேலே போனைப் பிடிக்காமல், பக்கவாட்டில் ஒன்றரை அடி தள்ளி, எண்ணெயின் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தேன். தெறிப்புக்கும் பயமில்லை, மாவு விழும் காட்சியும் நன்றாகத் தெரிந்தது.

மாவு விழுந்ததும் எண்ணெய்க்குள் மூழ்குகிறது. அதன் ஈரம் ஆவியாகிச் சிறு குமிழிகளாகக் கீழிருந்து கிளம்புகிறது. குமிழிகள் விளிம்பைச் சுற்றி வளையம் கட்டி, மாவைத் தூக்கி மேலே கொண்டுவருகின்றன. அப்பத்தா கரண்டியால் சூடான எண்ணெயை அதன் தலையில் அள்ளி விடும்போது நடுப்பகுதி உப்பி எழுகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த அப்பத்தா, "விழுந்ததும் அடியில் தங்காமல் உடனே எழும்புகிறது பார், அதுதான் பதம். உன் அம்மாவிடம் இதைக் காட்டு" என்றார். மாவின் பதத்தைக் கேட்டால் எப்போதும் கையை அசைத்துக் காட்டுவார், அளவு சொல்லமாட்டார். அவர் சொல்ல முடியாமல் இருந்தது திரையில் இருந்தது.

இந்தப் பதிவில் ஒலி வீணாகிவிட்டது. மெதுவாக்கினால் எண்ணெய்ச் சத்தம் அடித்தொண்டை உறுமல்போல் ஆகிவிடுகிறது. ஆகவே அதே வேலையைச் சாதாரண வேகத்தில் ஒருமுறை எடுத்து, அந்தச் சலசலப்பை மட்டும் பிரித்து அடியில் வைத்தேன். மாவு ஊற்றும் வரை இயல்பான வேகம், எண்ணெயைத் தொடும் கணத்திலிருந்து மெதுவான ஓட்டம், திருப்பிப் போட்டதும் மறுபடி இயல்பான வேகம். முழுக்க மெதுவாகவே ஓடும் வீடியோவைப் பத்து நொடிக்கு மேல் என்னாலேயே பார்க்க முடியவில்லை. பதிவு 240 பிரேமில் இருப்பதால் எந்தப் பகுதி மெதுவாக வேண்டும் என்பதை எடுத்த பிறகும் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் ஆகஸ்டில் அத்தை மகனின் போனை வாங்கி 960 பிரேமில் முயன்றேன். கால் நொடிகூட இல்லாத பதிவுதான், ஆனால் ஆறேழு நொடி நீள்கிறது. சரியான கணத்தில் அழுத்துவதே பெரும்பாடு. அந்தப் போன் இடையிலுள்ள பிரேம்களைத் தானே கணித்து நிரப்புகிறது போலும்; தண்ணீர்த் துளிகளின் விளிம்பு மெழுகாக உருகித் தெரிந்தது. உண்மையாக எடுத்த 240 எனக்குப் போதும்.

அக்டோபர் மூன்றாவது வாரம் நல்ல மழை. பள்ளத்தூர் வீட்டு முற்றத்தில் நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் விழும். பித்தளை அண்டாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கூரை விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர். அங்கிருந்து விழும் துளி தரைக்கு வர ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவாகும். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர். 480-இல் ஒரு நொடி திறந்திருக்கும் கேமராவில் அது இரண்டு சென்டிமீட்டர் கோடாக இழுபடுகிறது. துளியாகவே தெரிய வேண்டுமென்றால் 2000-இல் ஒரு நொடியாவது வேண்டும். கேமரா திறந்திருக்கும் நேரத்தைக் கையால் மாற்ற உதவும் ஒரு செயலியில் அப்படி வைத்தேன். மழை நாளில் வெளிச்சம் குறைவு, படம் இருண்டுவிடுமோ என்ற கவலை இருந்தது.

வீடே அதற்கு வழி செய்து கொடுத்தது. முற்றத்துக்கு வானம் திறந்திருப்பதால் மேலிருந்து வெளிச்சம் நேராக விழுகிறது. எதிரே, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான வளவின் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டை நோக்கிப் போனை வைத்தால், மேல்வெளிச்சம் பட்ட ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னுகிறது. வெளிறிய சுவரை நோக்கி வைத்தபோது அதே துளிகள் கண்ணுக்கே தெரியவில்லை. தூணோடு போனைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். கை நடுக்கம் எட்டு மடங்கு மெதுவாகும்போது படகில் இருப்பதுபோல் ஆடும், கட்டிவிடுவதுதான் நல்லது.

அண்டாவின் நீரில் துளி விழும் இடத்தையும் எடுத்தேன். விழுந்ததும் நீர் சுற்றிலும் மகுடம்போல் எழுகிறது. அது ஐந்தாறு பிரேம்களில் அடங்கிவிடுகிறது. பிறகு குழி மூடி, நடுவிலிருந்து ஒரு தூண் எழும்பி, அதன் உச்சியிலிருந்து சிறு துளி ஒன்று பிரிகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜெர்ட்டன் 1957-இல் பால் துளி விழுந்து மகுடமாகத் தெறித்ததை மின்னல்போல் கணநேரம் ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் ஆய்வுக்கூடத்தில் பிடித்ததன் மங்கலான நிழலை அப்பத்தா வீட்டு அண்டாவில் பார்த்ததாகவே எனக்குத் தோன்றியது.

கைவிட்டுவந்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியில் நாடா (ஊடு நூலைக் கொண்டுசெல்லும் கட்டை) இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்வதை ஜூனில் எடுத்தேன். தறிக்கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். பதிவு முழுவதும் துடிப்பு, நாடா வெறும் பழுப்புக் கோடு. அடுத்த வாரம் பேட்டரி விளக்குகள் இரண்டைக் கொண்டுபோகிறேன். ஒன்றைப் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களுக்கு) கீழேயிருந்து மேல்நோக்கியும், மற்றொன்றை நாடா வந்து நிற்கும் பெட்டியின் பக்கத்திலும் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நெய்பவர் காலையில் பத்து மணிக்கு முன் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பாவு பிணைக்க உட்கார்ந்துவிடுவார்.